கழற்ற வராத பேட்டரி: இழுப்பதற்கு முன் கவனியுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் டிரில்லிங் மெஷினுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்த சில வாரங்களில் என்னென்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ரூட்டரை மாட்டச் சுவரில் துளை, மானிட்டரைத் தொங்கவிட ஒரு பிராக்கெட், யு.பி.எஸ். வைக்க ஒரு பலகை. இதற்கெல்லாம் ஆளைத் தேடி அலுத்துப்போய், கடைசியில் ஒரு கார்ட்லெஸ் டிரில்லை வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த டிரில்லின் அடியில் மாட்டியிருக்கும் பேட்டரியும், உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பேட்டரியும் ஒரே குடும்பம். இரண்டுமே லித்தியம் அயன் வகை. டிரில் பேட்டரியைத் திறந்து பார்த்தால் (நீங்கள் திறக்க வேண்டாம்) பலவற்றில் உள்ளே 18650 என்ற எண் கொண்ட உருளை வடிவ செல்கள் வரிசையாக இருக்கும். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். பழைய, தடிமனான லேப்டாப் பேட்டரிகளிலும் இதே செல்கள்தான் இருந்தன. ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்தினைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன நிலையில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும் என்பதால், சில நிறுவனங்கள் அதே ஐந்து செல் பேட்டரியை 20 வோல்ட் என்றும், சில 21 வோல்ட் என்றும் பெட்டியில் அச்சிடுகின்றன. கடையில் இந்த எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இனி விஷயத்திற்கு வருவோம். டிரில்லில் மாட்டிய பேட்டரி சில நாட்களில் கழற்ற வராமல் சிக்கிக்கொள்ளும். பட்டனை அழுத்துவோம்; இழுப்போம்; அசையாது. அடுத்து நம் கை தானாகவே ஒரு ஸ்குரூடிரைவரைத் தேடும். அந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

என் டிரில்லை ஊரில் அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்தேன். அவர் ஜன்னல் ஓரம் பட்டி பார்த்த சுவரில் நாலைந்து துளை போட்டுவிட்டு, பேட்டரியைக் கழற்றாமல் அப்படியே பரணில் வைத்துவிட்டார். கோடை முழுவதும் அது அங்கேயே கிடந்தது. பொங்கல் விடுமுறைக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். பேட்டரி கால் அங்குலம் நகர்ந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“கடையில கொண்டுபோய்க் காட்டுடா” என்றார் அப்பா. இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஒரு பேட்டரியைக் கழற்றக் கடைக்குப் போவதா என்ற எண்ணம் எனக்கு. அந்தக் கால் அங்குல இடைவெளியில் பட்டையான ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பினேன். முதலில் பட்டனின் ஓரம் உடைந்தது. அடுத்த நெம்பலில் ஸ்குரூடிரைவர் வழுக்கி உள்ளே போனது. “பட்” என்று ஒரு சத்தம், நீல நிறத்தில் ஒரு பொறி. ஸ்குரூடிரைவரின் முனையில் மிளகு அளவுக்கு உருகிப் பள்ளம் விழுந்திருந்தது. இரும்பு அது! டெர்மினல்கள் இரண்டும் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் ஷார்ட் ஆகியிருக்கும்.

மறுநாள் டூல்ஸ் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் பிரஷ்ஷால் பட்டனைச் சுற்றித் தட்டினார். வெள்ளையாகப் பட்டித் தூள் கொட்டியது. பிறகு அவர் செய்ததைப் பார்த்து எனக்கு வியப்பாக இருந்தது. பேட்டரியை வெளியே இழுக்கவில்லை, உள்ளே தள்ளினார். தள்ளிப் பிடித்தபடியே பட்டனை அழுத்தி, பின்னர் இழுத்தார். வந்துவிட்டது. “மொதல்ல உள்ள தள்ளணும் தம்பி. நீங்க இழுக்க இழுக்க லாக் இறுகும்ல” என்றார். ஷார்ட் ஆன பேட்டரியை மறுபடி சார்ஜ் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இரண்டு நிமிட வேலைக்கு நான் கொடுத்த விலை ஒரு புது பேட்டரி.

ஏன் சிக்குகிறது?

இப்போது வரும் பெரும்பாலான டிரில்களில் பேட்டரி, மேஜை டிராயர் போல இரண்டு தண்டவாளங்களில் நகர்ந்து உள்ளே போகும். முழுதாக உள்ளே போனதும் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு கொக்கி டிரில்லின் அடிப்பகுதியில் உள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பட்டனை அழுத்தினால் கொக்கி கீழே இறங்கும். நீங்கள் பேட்டரியை இழுத்துக்கொண்டே பட்டனை அழுத்தினால், கொக்கி பள்ளத்தின் சுவரில் அழுந்தி நிற்கும், இறங்காது. தாழ்ப்பாள் இறுகிய கதவை ஒரு கையால் நம் பக்கம் இழுத்துப் பிடித்துத் தாழ்ப்பாளை நீக்குகிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும்.

கொக்கியின் கீழே தூசி அடைத்திருந்தால், பட்டன் பாதி தூரம்தான் போகும். சிமெண்ட், பட்டி, மரத்தூள் மூன்றுமே இதனைச் செய்யும். தலைக்கு மேலே துளை போட்டால் தூசி முழுக்கப் பேட்டரி மீதுதான் விழும். அதில் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் பட்டித் தூள் கல்லாக இறுகிவிடும்.

வேறொன்றும் உண்டு. சில பேட்டரிகளில் கொக்கி பிடிக்க இரண்டு இடங்கள் வைத்திருப்பார்கள். பட்டனைத் தவறுதலாக அழுத்திவிட்டால் கனமான பேட்டரி காலில் விழக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. போஷ் நிறுவனத்தின் 18 வோல்ட் கருவிகள் பலவற்றின் கையேட்டில் இதனைப் படிக்கலாம். முதல் முறை அழுத்தினால் பேட்டரி சிறிது நகர்ந்து நிற்கும். பட்டனை விட்டு, மறுபடி அழுத்தி இழுத்தால்தான் முழுதாக வரும். இது தெரியாமல் “பாதியில் மாட்டிக்கொண்டது” என்று கடைக்குத் தூக்கி வருபவர்கள் நிறைய என்று அந்த அண்ணன் சிரித்தார். (என் டிரில்லில் அப்படி ஏதும் இல்லை, எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.)

விலை குறைவாகக் கிடைக்கும் டூப்ளிகேட் பேட்டரிகள் தனிக் கதை. இவற்றின் தண்டவாளம் அரை மி.மீ. தடித்திருந்தாலும் போதும், தள்ளினால் உள்ளே போகும், திரும்ப வராது. முதல் முறை மாட்டும்போதே இறுக்கமாக இருந்தால் அழுத்தித் திணிக்காமல், அப்போதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவை எல்லாம் ஆபத்தில்லாத காரணங்கள். ஆபத்தான காரணம் வெப்பம். டெர்மினல் சரியாகத் தொடாமல் லூசாக இருந்தால், அந்த இடம் சூடாகிச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்ட வைத்துவிடும். அல்லது உள்ளே உள்ள செல் கெட்டு, பேட்டரியின் உடலே உருமாறியிருக்கும். இப்படிச் சிக்கிய பேட்டரியை நெம்புவதும் தட்டுவதும் தீயோடு விளையாடுவதற்குச் சமம்.

முதலில் பார்த்திட வேண்டியவை

எனவே கையை வைப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். வேலை முடித்த உடனே என்றால், ஒரு மணி நேரம் நிழலில் ஆற விடுங்கள். சூட்டில் விரிந்த பிளாஸ்டிக் ஆறியபின் தானாகவே வழிவிடும். பல சிக்கல்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆறிய பின்னும் பேட்டரி சூடாகவே இருக்கிறதா? உடல் உப்பி, ஒட்டுவாய் பிரிந்து இடைவெளி தெரிகிறதா? பிளாஸ்டிக் உருகிய தடம் இருக்கிறதா? நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல இனிப்பான நெடி வருகிறதா? கசிவு ஏதேனும் தெரிகிறதா? ஒன்றுக்கு “ஆம்” என்றாலும் அதற்கு மேல் முயற்சிக்க வேண்டாம். பேட்டரியோடு டிரில்லை அப்படியே எடுத்து, வீட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில், வெயில் படாத இடத்தில், பேப்பர், துணி, காஸ் சிலிண்டர் எதுவும் அருகில் இல்லாமல் வைத்திடுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். புகை வரத் தொடங்கிவிட்டால் அதைத் தூக்க முயலாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

மிகப் பழைய டிரில்கள் சிலவற்றில் பேட்டரி கைப்பிடிக்குள் குச்சி போல நுழையும். அவை பெரும்பாலும் நிக்கல் காட்மியம் வகை. இவற்றில் டெர்மினலைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உள்ளிருந்து கசிந்த காரம். வெறும் கையால் தொடாதீர்கள்.

கழற்றும் முறை

மேலே சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லையா? அப்படியானால் தைரியமாகத் தொடங்கலாம்.

டிரில்லின் முன்னே உள்ள பிட்டைக் கழற்றி எடுத்திடுங்கள். அடுத்து, சுழலும் திசையை மாற்றும் ஸ்விட்ச்சை நடுவில் நிறுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் இந்த நிலையில் டிரிக்கர் பூட்டிக்கொள்ளும். பேட்டரியோடு மல்லுக்கட்டும்போது விரல் டிரிக்கரில் பட்டு மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு தூசி. உங்கள் சி.பி.யூ.வைச் சுத்தம் செய்ய ஏர் புளோயர் வைத்திருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் உலர்ந்த பழைய டூத் பிரஷ். பட்டனைச் சுற்றியும், தண்டவாள இடைவெளியிலும் ஊதிடுங்கள். டிரில்லைத் தலைகீழாகப் பிடித்து ஊதினால் தூசி உள்ளே போகாமல் கீழே விழும். இறுகிய தூளைச் சுரண்ட ஐஸ்கிரீம் குச்சி அல்லது பழைய ஏ.டி.எம். கார்டு பயன்படும். ஊசி, கத்தி, ஹேர்பின் என்று எந்த உலோகமும் வேண்டாம். ஒரு முறை ஊதி, பட்டனைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள், மீண்டும் ஊதுங்கள். பட்டன் முன்பை விட ஆழமாகப் போகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். இந்த ஒரு வேலையில் அவசரம் காட்டாதீர்கள். பல பேட்டரிகள் இங்கேயே விட்டுக்கொடுத்துவிடும்.

இப்போது டிரில்லை மடியில் வைத்து, பேட்டரியை உள்நோக்கி ஒரு முறை நன்றாகத் தள்ளுங்கள். தள்ளியபடியே பட்டனை அடி வரை அழுத்துங்கள். பட்டனை விடாமல் வெளியே இழுங்கள். இரு பக்கமும் பட்டன் உள்ள மாடல் என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அழுத்த வேண்டும். ஒரு கையால் முடியவில்லையா? வீட்டில் ஒருவரை உதவிக்கு அழையுங்கள். ஒருவர் டிரில்லைப் பிடித்துப் பட்டன்களை அழுத்தட்டும். மற்றவர் பேட்டரியை இழுக்கட்டும். கை வழுக்கினால் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை நல்ல பிடி தரும்.

நேராக வராவிட்டால், பட்டனை அழுத்தியபடி இடம் வலமாக மிக லேசாக அசையுங்கள். உள்ளங்கையால் பேட்டரியின் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டலாம். சுத்தியல் கூடாது. தேங்காய் எண்ணெயும், துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது. எண்ணெய்ப் பசையில் தூசி மேலும் ஒட்டும். ஸ்பிரேயில் தீப்பற்றக்கூடிய திரவம் இருக்கிறது; சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்கவும் வைக்கும். ஹேர் டிரையரால் சூடாக்கச் சொல்லும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். அவரை அன்போடு அனுப்பிவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் கொக்கி உடைந்திருக்கலாம் அல்லது டெர்மினல் ஒட்டியிருக்கலாம். டிரில்லின் உடல் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, நட்சத்திர வடிவத் தலை கொண்ட ஸ்குரூக்களால் இணைக்கப்பட்டிருக்கும். பாதிகளைப் பிரித்தால் பேட்டரி வந்துவிடும். மெக்கானிக்குகள் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் உள்ளே மின்சாரம் உள்ள நிலையில் திறக்கிறோம் என்பதால் இது புதியவர்களுக்கான வேலை அல்ல. வாரண்டியும் போய்விடும்.

பேட்டரி சார்ஜரில் சிக்கிக்கொண்டாலும் இதே முறைதான். சுவரில் உள்ள ஸ்விட்ச்சை அணைத்து, பிளக்கை உருவிய பின்னரே தொடங்க வேண்டும்.

கழன்றதும் உடனே திரும்ப மாட்டிவிடாதீர்கள். இரு பக்கத்து டெர்மினல்களையும் பாருங்கள். கருகியிருந்தால் சர்வீஸ் சென்டர். வெறும் அழுக்கு என்றால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். மாட்டும்போது “கிளிக்” ஓசை வர வேண்டும். மகிட்டா பேட்டரிகளில் பட்டனின் மேல் பக்கம் ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும். அது கண்ணுக்குத் தெரிந்தால் முழுதாகப் பூட்டவில்லை என்று பொருள்.

லேப்டாப்பில் சிக்கினால்

இதே சங்கதி லேப்டாப்பிலும் வரும். கழற்றக்கூடிய பேட்டரி உள்ள பழைய லேப்டாப்பை வாங்கியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அடியில் இரண்டு நகர்த்திகள் இருக்கும். ஒன்று பூட்டு, நகர்த்தினால் அங்கேயே நிற்கும். மற்றது ஸ்பிரிங் வைத்தது. விட்டால் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். பூட்டை நீக்கிவிட்டு, ஸ்பிரிங் நகர்த்தியை விரலால் பிடித்துக்கொண்டேதான் பேட்டரியை எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டு இழுப்பவர்களே அதிகம்.

புதிய மெல்லிய லேப்டாப்களில் பேட்டரி உள்ளே இருக்கிறது. அதில் உருளை செல்கள் இல்லை. பால் பாக்கெட் போன்ற மெல்லிய உறையில் உள்ள தட்டை செல்கள். எஃகு உருளை உப்பாது; இந்த உறை உப்பும். செல் கெட்டால் உள்ளே வாயு உருவாகி, தலையணை போல வீங்கிவிடும்.

இதில் என் அறிவுக்கு வந்த சோதனையையும் சொல்லிவிடுகிறேன். “டேய், மவுஸ் பேட் அழுத்தவே மாட்டேங்குதுடா” என்று அக்கா போன் செய்தாள். சாஃப்ட்வேர்காரன் அல்லவா? சென்னையில் இருந்தபடியே அவள் லேப்டாப்பில் நுழைந்து டச்பேட் டிரைவரை நீக்கி, மறுபடி நிறுவினேன். சரியாகவில்லை. அடுத்த நாளும் அதையே செய்தேன். மூன்றாம் நாள் அவள் போகிறபோக்கில், “மூடி வேற சரியா மூட மாட்டேங்குது; மேஜையில வெச்சா ஆடுது” என்றாள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. பேட்டரி வீங்கி டச்பேடை அடியில் இருந்து தூக்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவளுடைய ஏழு வயது மகன் அந்த லேப்டாப்பைக் கட்டிலில், மெத்தை மேல் வைத்து, சார்ஜரில் போட்டபடி வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். நானும் என் பங்குக்கு, டிரைவர் நிறுவும் வரை சார்ஜரை எடுக்காதே என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

டச்பேட் மேலெழும்பினால், கிளிக் ஆக மறுத்தால், மூடி சமமாக மூடாவிட்டால், சமமான மேஜையில் லேப்டாப் ஆடினால் டிரைவரைத் தேடாதீர்கள். சார்ஜரை எடுத்துவிட்டு ஷட்டவுன் செய்திடுங்கள். மேலெழும்பிய இடத்தை அழுத்திச் சமப்படுத்தவோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவோ கூடாது. “ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டுக் கொடுக்கிறேன்” என்று இரவு முழுக்க ஓட விடுவதும் வேண்டாம். உங்கள் ஃபைல்கள் பேட்டரியில் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்.எஸ்.டி.யில் இருக்கின்றன. பேட்டரியை நீக்கிய பின் அவற்றை நிதானமாக எடுக்கலாம். அக்காவின் படங்கள் எல்லாம் அப்படித்தான் கிடைத்தன.

இது அரிதான, நம் வீட்டுக்கு வராத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செல்கள் கொண்ட 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. 2016இல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 போன்களைப் பேட்டரி கோளாறால் உலகம் முழுவதும் திரும்பப் பெற்று, அந்த மாடலையே நிறுத்தியது.

பத்திரப்படுத்துதல்

டிரில்லைப் பல வாரங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். முழு சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், பாதி போதும். வெயிலில் நிறுத்திய கார், ஓட்டின் அடியில் உள்ள பரண் இரண்டும் பேட்டரிக்கு எமன். ஆணி, ஸ்குரூ, நாணயம் கிடக்கும் டப்பாவில் போட்டு வைத்தால், என் ஸ்குரூடிரைவர் செய்த வேலையை ஒரு ஆணி செய்துவிடும். சில பேட்டரிகளோடு ஒரு பிளாஸ்டிக் மூடி தருவார்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள். தொலைத்தவர்கள் டெர்மினல் மீது இன்சுலேஷன் டேப் ஒட்டலாம்.

கெட்டுப்போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. அதன் மேலேயே குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டி படம் இருக்கும், பாருங்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. எனவே சர்வீஸ் சென்டரில் தயங்காமல் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் டெர்மினல்களை டேப்பால் மூடிவிடுங்கள். பட்டன் உடைந்த என் பேட்டரியை அப்படித்தான் கொடுத்தேன். முனை உருகிய ஸ்குரூடிரைவர் மட்டும் அப்பாவின் மேஜையில் பேனாக்களோடு நிற்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார்.